மெம்பர் கேட்ட கிணறு

உள் அறையில் செம்பு ஒன்று உருண்டுபோய்ச் சுவரில் மோதி நின்றது. அடுத்த நொடியே, குடலைப் பிடுங்கி வெளியே எடுப்பது போன்ற ஓங்கரிப்பு.

முன்னறையில் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்த கருத்தக்கண்ணன், மறு கையை நுழைக்க மறந்து நின்றார்.

“என்னா சத்தம் அது?”

“ஒண்ணுமில்ல,” என்று உள்ளிருந்து மனைவி பாண்டியம்மாள் குரல் கொடுத்தாள். “நேத்து பூரா வெயில்ல நின்னு மாவு இடிச்ச புள்ள. சூட்டு வயிறு. நீங்க கெளம்புங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு.”

பெற்றவள் சொன்ன அந்தப் பொய்யை அவளே நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கருத்தக்கண்ணன் கதவருகே போனார். மகள் செல்லத்தாய் பாயில் சுருண்டு கிடந்தாள். பத்தொன்பது வயது. போன வைகாசியில்தான் வண்டியூருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். “பங்குனித் திருவிழாவுக்கு மகளை அனுப்பி வைக்கவும்” என்று அவர் சொல்லி எழுதவைத்த கடிதத்தைப் பார்த்து, நான்கு நாளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு வண்டியிலிருந்து குதித்து இறங்கிய பெண். இன்று அவள் கன்னம் ஒட்டிக் கிடந்தது.

“போயிட்டு வாங்கய்யா,” என்றாள் அவள். “கெணறு கேட்டுட்டு வாங்க. வண்டியூர்ல என்னையக் கேலி பண்றாக. உங்கய்யா மெம்பராம், ஆனா நீங்க மாடு குளிக்கிற ஊருணியத்தான் குடிக்கிறீகளாமேன்னு.”

“உங்க மாமியா சொன்னாளா?”

“அவுகதான். வேற யாரு?” அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் மறுபடியும் ஓங்கரிப்பு வந்துவிட்டது. பாண்டியம்மாள் மகளின் தலையைத் தாங்கிப் பிடித்து, தாகம் தீர ஒரு செம்புத் தண்ணீரை அவள் வாயில் ஊற்றினாள். ஊருணித் தண்ணீர்!

ஆலங்கரைப்பட்டியில் அம்மனுக்குக் காப்புக் கட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் அந்த நோயின் பெயரை அந்த ஊரில் எந்த வாயும் சொல்லாது. சொன்னால் அம்மன் காதில் விழும். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று வீடு தேடி வந்துவிடுவாள். சூடு என்பார்கள், திருஷ்டி என்பார்கள், தின்றது சேரவில்லை என்பார்கள். கருத்தக்கண்ணனின் வலது மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது. திருவிழாவுக்குத் தலைமைக் காப்பு அவருடையது. அவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கோட்டின் மறு கையை நுழைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

அவர் மெம்பரான கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். படிப்பைப் பார்த்தோ பணத்தைப் பார்த்தோ யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தொண்டையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பத்து வயதிலிருந்து கமலை ஓட்டியவர். கிணற்று மேட்டில் மாட்டை விரட்டி அவர் போடும் சத்தம் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். சமயநல்லூருக்கு மேற்கே ஏழு கிராமங்களைச் சேர்த்துப் பெரியகரையில் பஞ்சாயத்து போர்டு என்று ஒன்று வந்தபோது, “நம்ம ஊருக்காகப் பேச ஆள் வேணும்” என்று சாவடியில் கூட்டம் போட்டார்கள். “பேசுறதுக்கு என்னா, கத்துறதுக்குத்தான் ஆள் வேணும்! கருத்தக்கண்ணன அனுப்புங்கடா!” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். சிரிப்பில் தொடங்கிய பதவி அது.

ஆனால் அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்டில் கேள்வி கேட்க வேண்டுமானால் மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதி வாங்கி, கீழே தன் பெயரை உழவுசால் போலக் கோணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தெருவிளக்குக்கு என்று வாங்கிய மண்ணெண்ணெய் எங்கே போகிறது? ஓடைப் பாலம் இரண்டு மழையில் இரண்டு தடவை உடைந்தால் கட்டியவரை யாரும் கேட்க மாட்டார்களா? பிள்ளைவலி வந்தவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நான்கு மைல் போகிறோமே, மருத்துவச்சி ஒருத்தியை இங்கே வைக்கக் கூடாதா? கேட்டுக்கொண்டே இருந்தார். பாலம் வந்தது. மூன்று விளக்கு எரிந்தது. மருத்துவச்சி வரவில்லை. ஊரில் அவருக்குக் ‘கேள்வி மெம்பர்’ என்றே பெயர் விழுந்தது.

அப்படிப்பட்ட மனிதர் தன் கையாலேயே ஒரு பாவத்தைச் செய்திருந்தார்.

போன வருஷம், இதே பங்குனித் திருவிழாவுக்கு முன்னால், பதினைந்து நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். எல்லாம் ஊருணித் தெருவில். எல்லாருக்கும் ஒரே நோவு. இருள் பிரிவதற்குள் கண் உள்ளே போய், பொழுது சாய்வதற்குள் உயிரும் போனது. கோஷ்டிச் சண்டையால் பன்னிரண்டு வருஷம் நின்றுபோயிருந்த திருவிழாவை, இரண்டு தெருக்காரர்கள் காலிலும் விழுந்து கருத்தக்கண்ணன் சேர்த்துவைத்த வருஷம் அது. ஜனன மரணப் புஸ்தகத்தில் அந்த நோயின் பெயர் ஏறினால் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். கூட்டம் கூடக் கூடாது என்று திருவிழாவை நிறுத்துவார். கட்டிய காப்பை அவிழ்த்தால் அம்மன் கோபம் ஊரையே எடுத்துக்கொண்டு போகும் என்று எல்லாரும் நடுங்கினார்கள். அவரும் நடுங்கினார்.

புஸ்தகம் எழுதுகிறவர் கிராம முன்சீப்பு விருமாண்டி, பாண்டியம்மாளின் உடன்பிறந்த தம்பி. கருத்தக்கண்ணன் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

“மாப்ள, செத்தவுக செத்தாக. இருக்கிறவுக திருவிழாவக் கெடுக்காத. காய்ச்சல்னு எழுது.”

“ஒம்போது பேருக்கும் காய்ச்சலா மாமா? மேல இருக்கிறவன் கேப்பான்.”

“நாலு பேருக்குக் காய்ச்சல், மூணு பேருக்கு வயித்து வலி, மிச்சம் ரெண்டு பேருக்கு மூப்புன்னு போடு. யாரு வந்து எண்ணப் போறா?”

விருமாண்டி அவசரத்தில் எழுதினான். யாருக்கு எதை எழுதுகிறோம் என்று பார்க்கக்கூட இல்லை. திருவிழா நடந்தது. அந்த வருஷம் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று ஊர் கொண்டாடியது. ஆனால் ஊருணி அப்படியேதான் இருந்தது. இரவெல்லாம் அதை நினைத்துத் தூங்காமல் கிடந்துதான், தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வேண்டும் என்று கருத்தக்கண்ணன் எழுதிக் கொடுத்தார். செய்த பாவத்துக்குக் கிணற்றால் பரிகாரம் தேடினார் அந்த ஏழை!

பெரியகரை போர்டு ஆபீசில் அன்று பதினோரு மெம்பர்களும் வந்திருந்தார்கள். பிரசிடெண்டை ஜனங்கள் ‘பங்களா ஐயா’ என்பார்கள். தோப்புக்கு நடுவில் பங்களா கட்டியவர். சக்கரவர்த்தியின் ஜூபிலி வருஷம் அது. பெரிய அதிகாரி ஒருவர் அந்த வழியாக வரப்போகிறார் என்று பேச்சு. அவரை வரவேற்க ஆபீஸ் வாசலில் காரை வளைவு கட்ட வேண்டும் என்று பிரசிடெண்ட் தீர்மானம் வைத்திருந்தார். வளைவா, கிணறா? போர்டுக் கையிருப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும்.

கருத்தக்கண்ணன் எழுந்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை.

“ஊருணித் தெருவுல நூத்தி இருவது வீடு. மாடு எறங்குற தண்ணி, துணி தொவைக்கிற தண்ணி, அதத்தான் நாங்க குடிக்கோம். வளைவு எதுக்குய்யா? இருக்கிற வாசல்ல குனிஞ்சு போற அளவுக்கா வர்ற அதிகாரி ஒசரம்?”

மெம்பர்கள் சிரித்தார்கள். பிரசிடெண்டும் சிரித்தார். பிறகு மேஜை மீதிருந்த ஒரு காகிதக் கட்டை எடுத்தார்.

“மெம்பர் நல்லாப் பேசுறாரு. ஆனா போர்டு பணம்னா கணக்கு வேணும். தண்ணி கெட்டுப்போச்சுன்னா சனங்களுக்கு நோவு வரணுமே! உங்க ஊர் மரணப் புஸ்தகத்து நகல இங்க வரவழைச்சிருக்கேன். மூணு வருசமா ஒரு வாந்திபேதிச் சாவுகூட இல்ல. போன பங்குனியில மட்டும் ஒம்போது சாவு. எல்லாம் காய்ச்சல், வயித்து வலி, மூப்பு.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “இந்தா, இருளாயின்னு ஒருத்தி. வயசு இருவத்திரெண்டு. சாவுக்குக் காரணம், மூப்பு!”

மன்றமே கொல்லென்று சிரித்தது.

“உங்க ஊர்ல இருவத்திரெண்டு வயசுலயே கெழவியாயிருவாகளா மெம்பரே? அப்ப கெணறு வேணாம், ஊன்றுகோல் வாங்கித் தாரோம்!”

மேஜையின் கடைசியில் இருந்த சேக் இஸ்மாயில் மட்டும் சிரிக்கவில்லை. வாளி, கயிறு, மண்வெட்டி விற்கும் கடைக்காரர். எப்போதும் கருத்தக்கண்ணன் பக்கம் பேசுகிறவர்.

“சிரிக்கிற விஷயமா இது?” என்று எழுந்தார் அவர். “இருவத்திரெண்டு வயசுப் பொண்ணுக்கு மூப்புன்னு எழுதியிருக்கு. இந்தப் பொய்ப் புஸ்தகத்த நம்பியா கெணறு இல்லைங்கிறீங்க?”

“பாய் கெணறு கேக்குறது வாளி விக்கிறதுக்கு!” என்று யாரோ குத்தினார்கள்.

பிரசிடெண்டின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “சரி, பொய்தான். அப்ப பொய் எழுதினது யாரு? முன்சீப்பா? எழுதச் சொன்னது யாரு? அந்த ஊர் மெம்பர் எழுந்திரிச்சு, இது வாந்திபேதிச் சாவுதான், புஸ்தகம் பொய்யின்னு சொல்லட்டும். இப்பவே தாசில்தாருக்கு எழுதுறேன். கெணத்துத் தீர்மானத்தையும் எடுத்துக்கிறேன். சொல்லுங்க மெம்பரே.”

பிரசிடெண்டோடு சேர்த்து இருபத்திரண்டு கண்களும் கருத்தக்கண்ணன் மேல் திரும்பின. சொன்னால் விருமாண்டியின் உத்தியோகம் போகும், ஜெயிலுக்கும் போவான். நாளைக்கே இன்ஸ்பெக்டர் வந்து கோயில் வாசலில் நிற்பார். அம்மன் கோயில் பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. கருத்தக்கண்ணன் வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வாய் வரைக்கும் வந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு சுட்டது போல இருந்தது.

மூன்று வயல் தாண்டிக் கேட்கும் குரல் அன்று உதட்டைத் தாண்டவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

வளைவு பத்துக்கு ஒன்றாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர் சேக் இஸ்மாயில் ஒருவர்தான். கருத்தக்கண்ணன் கை தூக்கவில்லை. தூக்காத கையையும் அவர்கள் தங்கள் பக்கம் எண்ணிக்கொண்டார்கள்.

வெளியே புளியமரத்தடியில் இஸ்மாயில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்ணே உக்காந்தீங்க? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே?”

“எழுதச் சொன்னவன் நான்தான் பாய்.”

“யா அல்லா,” என்றார் இஸ்மாயில். “சரி, வாங்க, என் ஜட்காவுல ஏறுங்க. உச்சி வெயிலு.”

“வேணாம். வீட்டுக்கு வெரசாப் போகணும், குறுக்கால வயக்காட்டு வழியே நடந்துருவேன். மகளுக்கு ஒடம்பு சரியில்ல.”

“என்ன ஒடம்புக்கு?”

“வெயில் சூடு.”

“வாந்தி எடுக்குதா?”

கருத்தக்கண்ணன் வயக்காட்டுப் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, என் வண்டி நிக்குது. இப்படியே மதுரைக்கு விட்டா டாக்டரக் கூட்டியாந்திரலாம். நான் போறேன், நீங்க வீட்டுக்குப் போங்க.”

டாக்டர் வந்தால் பார்த்ததை எழுதுவார். எழுதினால் திருவிழா நிற்கும். “வேணாம் பாய். வெறும் சூடுதான்.”

“இதுவும் மூப்புதானா அண்ணே?”

“வாய அடக்குங்க பாய்!” என்று கத்திவிட்டார் கருத்தக்கண்ணன். மன்றத்தில் வராத சத்தம், தனக்காகப் பேசிய ஒரே மனிதன் மேல் வந்து விழுந்தது.

இரண்டு மைல். ஊர் எல்லையில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்: “என்னா மெம்பரே, கெணறு வருதா?” அவர் நிற்கவில்லை.

வீட்டு வாசலிலேயே நாற்றம் அடித்தது. செல்லத்தாயின் கண்கள் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. விரல்கள் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கிக் கிடந்தன. குரல் போய்விட்டது. அப்பாவைப் பார்த்து உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்டாள்? கிணறு என்றாளா, தண்ணீர் என்றாளா? பாண்டியம்மாள் பித்துப் பிடித்தவள் போல மகளின் உள்ளங்காலில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்தக்கண்ணன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். வந்த இரண்டு மைலையும் திரும்ப ஓடினார். ஐம்பது வயதுக் கால்கள் வரப்பில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தன. இஸ்மாயிலின் கடை வாசலில் போய் விழுந்தபோது அவரால் பேச முடியவில்லை. இஸ்மாயில் ஓடி வந்தார். அவரைத் தூக்கி ஜட்காவில் போட்டார். “மொதல்ல புள்ளைய வண்டியில ஏத்துவோம். ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருவோம்,” என்று தானே குதிரையை அடித்து ஓட்டினார்.

வண்டி ஊருணிக் கரையில் திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது. அப்போது பாண்டியம்மாளின் கதறல் கேட்டது. இஸ்மாயில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். அதற்கு மேல் வேகமாகப் போக வேண்டிய வேலை அந்தக் குதிரைக்கு இல்லை.

பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். வண்டியூரிலிருந்து மருமகன் வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. சாவுத் தீட்டு வந்துவிட்டது என்று பூசாரி வந்து கருத்தக்கண்ணனின் காப்பை அறுத்து, வேறொருவர் கையில் கட்டிவிட்டுப் போனார். பந்தல் வேலை மறுபடி நடந்தது. செத்தது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. சூடு, பாவம், சூடு என்றார்கள்.

மறுநாள் காலையில் விருமாண்டி வந்தான். கக்கத்தில் நீளப் புஸ்தகம். அக்காள் மகள். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவன். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்த தாய்மாமன். கண் வீங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புஸ்தகத்தை மடியில் விரித்தான். பேர், வயது, பெண், ஊர், எல்லாம் எழுதியிருந்தான். ஒரு கட்டம் மட்டும் காலி.

“காய்ச்சல்னு போட்டுர்றேன் மாமா,” என்றான் தலையைத் தூக்காமல். “உங்கள ஒரு வார்த்த கேக்கணும்னுதான்...”

“வாந்திபேதின்னு எழுது மாப்ள.”

அந்த வீட்டில் அந்தச் சொல் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது. மூலையில் சுருண்டு கிடந்த பாண்டியம்மாள் தலையைத் தூக்கினாள்.

“மாமா, ரெண்டு நாள்ல பொங்கலு. வெளியூர்ச் சனம் வர ஆரம்பிச்சிருச்சு.”

“அதுக்குத்தான் சொல்றேன். வாரவுக எல்லாம் அந்த ஊருணியத்தான் குடிப்பாக. அவுக வீட்டுலயும் செல்லத்தாய் இருப்பா.”

“எழுதினா இன்ஸ்பெக்டர் வருவான். போன வருசத்தையும் தோண்டுவான். இருளாயியத் தோண்டுவான். என் புள்ளைக மூணும் தெருவுல நிக்கும் மாமா. ஊர்க்காரன் உங்களையும் விட மாட்டான். தண்ணி குடுக்க மாட்டான், தீ குடுக்க மாட்டான்.”

“எழுதச் சொன்னவன் நான்தான்னு நான் எழுதித் தாரேன். கையெழுத்துப் போடத் தெரியும் எனக்கு. மெம்பர் வேல போனாப் போகுது.”

“உங்க கையெழுத்து என்னையக் காப்பாத்துமா?” விருமாண்டி அழுதுவிட்டான். “அக்கா, நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அத எழுதுறேன்.”

ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். மறு பக்கம், வயிற்றில் பிறந்து நேற்றுச் சாம்பலான மகள். இந்த நிலை எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம்! பாண்டியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் குரலும் மகளுடைய குரலைப் போலவே போயிருந்தது.

“நாந்தாண்டா அந்தத் தண்ணிய அவ வாயில ஊத்துனேன்,” என்றாள். “கேக்கக் கேக்க ஊத்துனேன். சூடுன்னு சொல்லிச் சொல்லி ஊத்துனேன். எழுது.”

விருமாண்டி பேனாவை மையில் தொட்டான். எழுதி முடித்து, ஊதி, புஸ்தகத்தை மூடினான்.

“மத்தியானத் தபால்ல போயிரும்,” என்றான். “இன்ஸ்பெக்டர் நாளைக்கு வந்துருவான்.”

கருத்தக்கண்ணன் தலையை ஆட்டினார். விருமாண்டி எழுந்தான். சாவு வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது. அவன் குனிந்து வெளியேறினான். பாண்டியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அவன் தெருவில் இறங்கும் வரை பார்த்து நின்றாள். பிறகு, நாளைக்கு ஊரே இந்த வாசலுக்கு வரும் என்று தெரிந்தவளாகக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டாள்.